ஞானியின் காலடி நாய்

பிரார்த்தனைக் கூடத்துச் சுவர் ஓவியத்தில் தூசி துடைப்பதுதான் எனக்கு வேலை. ஓவியத்தில் ஒரு ஞானி நிற்கிறார். அவருடைய இடது காலடியில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது.

"நாய்னா விசுவாசம்னு அர்த்தம்," என்றார் மேஸ்திரி.

"யாருக்கு?"

"வேற யாருக்கு? சோறு போடுறவனுக்குத்தான்."

மத்தியானம் மிஞ்சிய ரொட்டித் துண்டைச் சுவரோரம் வைத்தேன். கை கழுவிவிட்டு வந்தால் அதைக் காணோம். மறுநாள் நாய் ஞானியின் வலப்பக்கம், நான் சாப்பிடும் மூலைக்கு மாறி உட்கார்ந்திருந்தது.

மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. "யோவ், மாத்தி வரைஞ்சியா? சாயங்காலம் அதிகாரி வர்றாரு. பார்த்தா உன் வேலை போச்சு!"

"எனக்குக் கையெழுத்தே போன வருஷம்தான் வந்துச்சு மேஸ்திரி. நாயையா வரையப் போறேன்?"

அன்று என் சாப்பாட்டை இடப்பக்கம் கொண்டுபோய்ப் பிரித்தேன். மேஸ்திரியும் தன் பங்குக்கு ஒரு ரொட்டி வைத்தார். கை கழுவிவிட்டு வந்தபோது நாய் பழைய இடத்தில் இருந்தது.

அதிகாரி வந்து பார்த்தார். "பிரமாதம். நாய்தான் கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கு."

"தூசி போனதால அப்படித் தெரியுது சார்," என்றார் மேஸ்திரி.

வேலை தப்பிய நிம்மதியில் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்த மனைவி என் முதுகுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள்.

"இப்பத்தாங்க தரையைத் துடைச்சேன். ரெண்டு பேரும் காலைத் துடைச்சிட்டு வாங்க."