நாற்பது நொடி

“ஊருக்கெல்லாம் எட்டு செகண்டு, உன் மூணாம் மாடிக்கு மட்டும் நாப்பதா? ஏம்மா, அங்க என்ன ஆமையா குடியிருக்கு?”

குழுத் தலைவர் கேட்டதும் அறையிலிருந்த ஆறு பேரும் சிரித்தார்கள்.

சுவர்த்திரையில், சில மாதமாக ஓடிக்கொண்டிருக்கும், புதியவள் எழுதிய லிஃப்ட் நிரல். எண்ணிட்ட அறுபது கட்டடங்களுக்கும் அது ஒன்றுதான்; எந்த எண் எந்தக் கட்டடம் என்று பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

அழைத்தால் போ. கதவைத் திற. எட்டு நொடி நில். மூடு. மறுபடி முதலிலிருந்து. செக்குமாடு மாதிரி தலை குனிந்து சுற்றவேண்டிய வரிகள். அதன் நடுவே இவள் ஓர் ‘இஃப்’ நிபந்தனை செருகியிருந்தாள். கட்டடம் பதினேழு, மாடி மூன்று என்றால் நாற்பது நொடி நில்.

ஊருக்கு ஒரு வழி என்றால் இடும்பனுக்கு ஒரு வழி!

பார்த்த இடத்திலெல்லாம் ‘இஃப்’ போடுகிறவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முகம் பார்த்துச் சோறு போடுகிற புத்தி.

அன்றோடு அவளுக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அவர்தான் எழுதவேண்டும்.

“அது மட்டும் இருக்கட்டும் சார்,” என்றாள். ஏன் என்று கேட்டார். சிரித்த ஆறு முகங்களையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

எந்த வரியை நீக்கினாலும் காரணம் எழுதவேண்டும் என்பது அங்கே விதி. நீக்கினார். எழுதினார்: மடத்தனம்.

மதியத்துக்குள் புது நிரல் அறுபது கட்டடங்களுக்கும் போய்விட்டது. அவளைப் பற்றிய அறிக்கையும் மேலே போய்விட்டது. அனுப்பிவிடலாம் என்று ஒரே வரி.

மாலை, வீட்டுக்கு வந்தார். மூன்றாம் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கும்போது எதிரே அப்பா, வாக்கரை ஊன்றி ஊன்றி, கீழே காற்று வாங்கக் கிளம்பி வந்துகொண்டிருந்தார்.

இன்னும் ஆறடி இருக்கும்போதே கதவு மூடிக்கொண்டது.

“ரெண்டு மாசமா எனக்காக நின்னுக்கிட்டிருந்துச்சுடா இது. அன்னிக்கு நீ ஆபீஸ்ல மறந்துட்டு வந்த பையக் கொண்டாந்து குடுத்துச்சே ஒரு பொண்ணு, என் நடையப் பார்த்துட்டு அதுதான் ஏதோ பண்ணிக் குடுத்துச்சு. அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.”

தலைவர் பொத்தானை அழுத்தி, திறந்த கதவுக்குக் குறுக்கே காலை வைத்துக்கொண்டு நின்றார்.

மனதுக்குள் நொடிகளை எண்ணினார்.

அப்பா உள்ளே வந்து கம்பியைப் பிடிக்க முப்பத்தெட்டு ஆயிற்று.