துண்டு போட்ட சைக்கிள்

நீலத் துண்டு சைக்கிளின் கைப்பிடியில் கிடந்தது. சாம்சனுடைய துண்டேதான், பொங்கலுக்குக் கம்பெனியில் கொடுத்தது. அதைப் பார்த்ததும் ஏஞ்சலினுக்கு வயிறு எரிந்தது.

அவள் நின்றது கும்மிடிப்பூண்டி பஜாரில், மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் இருந்த ஜிம் வாசலில். உள்ளே, எங்கேயும் போகாத சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அவள் புருஷன் சாம்சன் ஒரு மாதமாக ஷிப்ட் முடிந்ததும் நேராக இங்கேதான் வருகிறான்.

முதலில் அவளைத்தான் கூப்பிட்டான். "டாக்டர் உனுக்குத்தானே சொன்னாரு? சுகர் ஏறிக்கினே போவுது. வா, ரெண்டு பேருமா போலாம்."

"இந்த ஒடம்ப வெச்சிக்கினு அத்தினி பேர் முன்னால மிதிக்கணுமா? நீ வேணா போ, என்ன உட்டுடு."

போனான். தொப்பை கரைந்தது. மீசைக்கு டை வேறு அடிக்க ஆரம்பித்தான். அப்போதே அவளுக்கு லேசாக உறுத்தியது.

நேற்று சாம்சனோடு வேலை பார்க்கும் விமல் அவளைக் காய்கறிக் கடையில் மடக்கினான். "அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அண்ணன் டெய்லி பக்கத்து சைக்கிளுக்குத் துண்டு போட்டு எடம் புடிக்கிறாரு. யாருக்குன்னு நீங்களே போய்ப் பாருங்க."

அவ்வளவுதான், அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூர்மார்க்கெட் லோக்கல் ரயிலில் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி, கல்யாணமான நாளிலிருந்து சாம்சன் அவளுக்குத்தான் இடம் பிடிப்பான். பிடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அந்தத் துண்டு விழுந்த இடத்தில் இன்னொருத்தி உட்காருவதா?

இப்போதும் அவன் எதிர்க்கடையில் டீதான் குடித்துக்கொண்டிருந்தான். ஏஞ்சலின் விறுவிறுவென்று உள்ளே போய்த் துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"புதுசாக்கா?" என்று கேட்டாள் வகுப்பு எடுக்கும் பூமிகா. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தாள். இவளாகத்தான் இருக்கும் என்று ஏஞ்சலின் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆமா. எனுக்கு இந்த சைக்கிள்தான் வேணும்."

"சீட்டு உங்க இடுப்பெலும்பு உசரத்துக்கு இருக்கணும்க்கா. இல்லன்னா முட்டி வலிக்கும்." பூமிகா அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக் குனிந்து பார்த்தாள். "மாத்தவே வேணாம். உங்களுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

ஏஞ்சலினுக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. அப்படியானால் இந்த நெட்டை இல்லை. படுபாவி, என் உயரத்துக்கே ஒரு குள்ளச்சியைத் தேடிப் பிடித்திருக்கிறானே!

பூமிகா அவள் பாதங்களைப் பெடல் பட்டையில் மாட்டி, மிதி லேசாக இருக்கச் சிவப்புத் திருகைத் தளர்த்தி வைத்தாள். "மொத நாளு, பாட்டு வேகத்துக்கு மிதிக்காதீங்க. மூச்சு வாங்கினா மெதுவாக்கிட்டு தண்ணி குடிங்க."

யார் கேட்டார்கள்? பாட்டு போடும் முன்பே ஏஞ்சலின் மிதிக்கத் தொடங்கிவிட்டாள். சீட்டு குத்தியது. தொடை கடுத்தது. அந்தக் குள்ளச்சி வரும்வரை இறங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த சாம்சன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாய்யா முழிக்கிற? யாருக்குத் துண்டு போட்ட? எங்க அவ?"

"ஏஞ்சலு, அது வந்து..."

"ஒண்ணும் வர வேணாம்! இனிமே டெய்லி நான் வருவேன். ஞாயித்துக்கெழமகூட சர்ச் முடிஞ்சி நேரா இங்கதான். இந்த சீட்டுல எவ உக்கார்றான்னு நானும் பாக்குறேன்!"

சாம்சன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். மாடிப்படியில் கொஞ்சம் இறங்கி, அவள் கண்ணுக்கு மறைவாக நின்று போனை எடுத்தான்.

"விமலு, நீ வெச்ச வத்தி நல்லா பத்திக்கிச்சுடா. உங்க அண்ணி மிதி மிதின்னு மிதிக்கிறா!"