காட்டன் வேண்டாம், பேப்பர் போதும்

"இந்தக் காட்டன் ஏர் ஃபில்டரைக் கழட்டிட்டு, வண்டி வாங்கறச்சே இருந்த மாதிரி பேப்பர் ஃபில்டரையே போட்டுடுங்கோ அமல்ராஜ். கௌஷிக்குக்குத் தெரியவே கூடாது."

மகன் கௌஷிக்கின் பைக்கை சாங்வி ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார் மகாதேவன். பாங்கிலிருந்து ஓய்வு பெற்று நாலு மாதமாகிறது. எதையும் மறைத்துப் பழக்கமில்லாத மனிதர் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

மெக்கானிக் அமல்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன அவசரம் சார்? உட்காருங்க, சாய் சொல்றேன்."

"அதெல்லாம் வேண்டாம். அவன் இன்னிக்கு கம்பெனி கார்ல ஹிஞ்சேவாடி ஆபீஸுக்குப் போயிருக்கான். வரதுக்குள்ள வண்டி வீட்டுல நிக்கணும்."

"பேப்பரைக் கழுவ முடியாது சார். அழுக்கானா தூக்கிப் போட வேண்டியதுதான். காட்டன்னா கழுவி, காய வெச்சு, எண்ணெய் தடவி மறுபடி மாட்டிக்கலாம். வருஷக்கணக்கா வரும்."

"வரட்டும். அதுல இழுவை ஜாஸ்தியாமே?"

"காத்து தாராளமா உள்ள போகும். வண்டிக்கு இழுவையும் வேகமும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்."

"அந்தக் கொஞ்சம்தான் எனக்கு பயம். போன வருஷம் பைக்லேர்ந்து விழுந்து மணிக்கட்டுல பிளேட் வெச்சிருக்கான். அப்பவும் புத்தி வரலை, பிறந்த நாளுக்குன்னு இதை வாங்கி மாட்டிண்டு வந்து நிக்கறான். அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டால நானும் அவன் அம்மா ருக்மிணியும்..."

அமல்ராஜுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவரும் விடுவதாக இல்லை.

"அப்ப ஃபோம் போட்டுரலாமா சார்? பஞ்சு மாதிரி இருக்கும். சேறு, காடுன்னு சுத்துறவங்க போடுவாங்க."

"என் பையன் எந்தக் காட்டுக்குப் போறான்? மூணுல எது பொடித் தூசியை நன்னா நிறுத்தும், அதைச் சொல்லுங்கோ."

"அது... பேப்பர்தான் சார்."

"அப்புறம் என்ன? நானும் நாலு நாளா மொபைல்ல இதைத்தானே படிக்கறேன்."

முப்பத்தைந்து வருஷம் லோன் மனுக்களைத் துருவிய கண். அதற்கு முன்னால் பாவம், ஒரு மெக்கானிக் எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பார்?

"ஃபில்டர் மாத்துனா வேகம் பெருசா குறையாது சார். எல்லாம் ஓட்டுறவர் கையில இருக்கு."

"துளி குறைஞ்சாலே எனக்குப் போதும். நேத்து நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேனே, என்ன இழுப்பு இழுக்கறது."

அமல்ராஜ் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பிகிட்டயே சொல்லிரலாமே சார்?"

"சொன்னா மறுபேச்சு பேசாம கழட்டிடுவான். ஆனா முகம் வாடிடும். ஆசையா மாட்டினது, அதை என் வாயால எப்படிக் கழட்டச் சொல்றது?"

இனிமேல் சொல்ல அமல்ராஜிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. ஒரு பெருமூச்சோடு ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

உள்ளே புத்தம் புதிய பேப்பர் ஃபில்டர் இருந்தது.

மகாதேவன் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். "இது எப்ப...?"

"போன வாரமே கௌஷிக் தம்பி வந்து மாத்திட்டுப் போயிருச்சு சார். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு" என்றார் அமல்ராஜ் தயங்கித் தயங்கி. "'ரிட்டயர் ஆனதுலேருந்து அப்பா தினம் விடியக்காலையில என் வண்டியை எடுத்துக்கிட்டுப் பறக்குறாரு, வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல; அவர் திரும்பி வர்ற வரைக்கும் தூங்குற மாதிரி காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன்'னு சொல்லுச்சு சார்."