பாசிக்குச் சொந்தக்காரர்

“கடல்பாசி மாதிரியே குளத்துப் பாசிக்கும் இப்ப விலை இருக்கு அண்ணாச்சி. ஊர்க் கமிட்டியில பணம் கட்டிட்டு அள்ளப் போறோம். உங்க வாசல் வழியா வண்டி விடணும்” என்றாள் விஜிலா.

மீன் கம்பெனி முதலாளி கிளைட்டன் துள்ளி எழுந்தார்.

“ஊருக்கு எதுக்கும்மா பணம்? எங்க கழிவுத் தண்ணியிலதான் அது இப்படிச் செழிச்சுக் கிடக்கு. பாசி எனக்குத்தான் சொந்தம்!”

“உங்க கழிவு ஒரு சொட்டுகூட குளத்துக்கு வரலைன்னுல்லா உங்க கம்பெனியில சொல்லுதாங்க?”

“அது ஆபீசருங்களுக்குச் சொல்லுதது. இங்கன வாங்க.”

உடைமுள் புதரை விலக்கி, குளத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பெருமையாகக் காட்டினார்.

விஜிலா பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அந்தத் தண்ணீரைப் பிடித்து மூடினாள்.

“இது எதுக்கும்மா?”

“சோதிக்கத்தான். போன மாசம் குளத்துத் தண்ணி எடுக்க வந்த ஆபீசரை வாட்ச்மேனை விட்டு விரட்டினீங்களே, அது நான்தான். இப்ப விரட்டுங்க, பார்ப்போம்!”