வேர்க்கும் மண்டையோடு

நேப்பிள்ஸ் எலும்புக் குகையின் வாசலிலிருந்து சாய்ந்து விழும் வெயிலில் தூசி மிதக்கிறது. சுற்றுலாக் கூட்டம் மண்டையோட்டு அடுக்குகளைப் படம் பிடிக்க, தான் தத்தெடுத்து வணங்கும் மண்டையோட்டின் முன் நுன்சியா முழங்காலிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இந்நேரம் மகளின் நெஞ்சைத் திறந்திருப்பார்கள். "இத பாரு, அவ பொழைக்கலேன்னா உன்ன விட்டுட்டு பக்கத்துல இருக்கறவனத் தத்தெடுத்துக்குவேன்," என்கிறாள் தாழ்ந்த குரலில். காவலாளி பெப்பே குனிகிறான். "மெரட்டாதீங்கக்கா. பாவம், ஏற்கனவே உடம்பில்லாம கெடக்கறான்." நுன்சியா சிரிக்கவில்லை. மண்டையோட்டின் உச்சியில் ஈரம் முத்து முத்தாகத் துளிர்க்கிறது. அது வேர்த்தால், தன்னை வேண்டிக்கொண்டவர்களுக்காகப் பாடுபடுகிறது என்பது ஊர் நம்பிக்கை. "கூரை ஒழுகுதோ என்னவோ," என்று பெப்பே அண்ணாந்து பார்க்கிறான். "பேசாதடா. வேலையா இருக்கான்," என்கிறாள் நுன்சியா. பெப்பே விரலை உதட்டில் வைத்தபடி, கூட்டத்தை வேறு பக்கம் திருப்புகிறான்.