யாரும் உட்காராத நாற்காலி

அமெரிக்காவில் ஒரு கோர்ட்டில், குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஊர்க்காரர்களான ஜூரிகள் உட்கார்ந்து வழக்குக் கேட்பதற்கென்றே பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. தினமும் பளபளவென்று துடைத்து வைப்பார்கள். உட்காரத்தான் ஆள் வராது. ஏழாவது நாற்காலிக்கு இது பெரிய மனக்குறை.

அன்று டெல்காடோ என்ற ரொட்டிக்கடைக்காரனை விலங்கோடு கூட்டிவந்தார்கள். சைக்கிள் திருடிவிட்டானாம்.

"நான் ஒண்ணுமே செய்யலை சார்," என்றான் தன் வக்கீலிடம்.

"இன்னிக்கு நிச்சயம் உட்காருவாங்க," என்று ஏழாவது நாற்காலி எட்டாவதிடம் சொல்லி, முதுகை நிமிர்த்திக்கொண்டது.

வக்கீல் நாற்காலிகளைக் கைகாட்டினார். "இதுல ஆளுங்க வந்து உட்கார்ந்து விசாரிக்கப் பத்து மாசம் ஆகும். அதுவரைக்கும் ஜெயில். தோத்துட்டா இன்னும் அஞ்சு வருஷம். திருடினதா ஒத்துக்கிட்டா விசாரணையே கிடையாது, சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

டெல்காடோ நாற்காலிகளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒத்துக்கொண்டான்.

"என்ன கலர் சைக்கிள்?" என்று கேட்டார் நீதிபதி.

"சிவப்பு."

வக்கீல் கனைத்துக்கொண்டு பைலைக் காட்டினார்.

"நீலம்," என்றான் டெல்காடோ.

"உன்னை யாராவது பயமுறுத்தினாங்களா?"

"இல்லைங்க ஐயா."

உண்மையைச் சொன்னதற்காக நீதிபதி அவனைப் பாராட்டி அனுப்பினார்.

வெளியே போகும்போது டெல்காடோ நாற்காலிகளை விட்டு விலகி, எதிர்ச் சுவரை ஒட்டியே நடந்தான்.

"நம்மைப் பார்த்து எதுக்கு இப்படிப் பயப்படறான்?" ஏழாவது நாற்காலிக்கு அழுகையே வந்துவிட்டது. "நாம ஒண்ணுமே செய்யலையே!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க," என்றது எட்டாவது.