முள்ளுக்குள் ஒரு பள்ளம்

கீழ்முளை அந்தக் கௌதாரியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, மழை பிடித்த சாயங்காலத்தில்தான்.

நிலம் அளக்க வந்தவர்கள் மலைச்சரிவில் மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று என மூன்று முளைகளை அடித்து, மூன்றையும் கோட்டால் இணைத்து, ஒரு முக்கோணமாகப் படத்தில் ஏற்றியிருந்தார்கள். நடுவில் இருந்த பள்ளத்தில் இண்டமுள் அடர்ந்திருந்ததால் அதற்குள் யாரும் இறங்கவில்லை. அங்கேதான் கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"வானம் கறுக்குதே, மேல்முளை அண்ணே. இந்தப் பள்ளத்துல தண்ணி வருமா?" என்று கேட்டது கௌதாரி.

"எந்தப் பள்ளம்?" என்றது மேல்முளை. "எங்க மூணு பேருக்கும் நடுவுல பலகை மாதிரி ஒரே சரிவு. படத்தை விரிச்சு வச்சுப் பேசினாங்களே, கேக்கலியா?"

"அப்ப நான் எதுக்குள்ள உட்கார்ந்திருக்கேன்?"

"பயத்துக்குள்ள" என்று பக்கமுளை சிரித்தது.

கீழ்முளைக்கு அடிமண் அதிர்வது தெரிந்தது. "தாயி, எனக்குக் கால் நடுங்குது. நீ கிளம்பிடு" என்றது.

"முட்டையை எந்தக் கையில தூக்குவேன்?" கௌதாரி மேல்முளையை இன்னொரு தரம் பார்த்தது. "அளந்தவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." இறகை விரித்து முட்டைகளின்மேல் அமர்ந்துகொண்டது.

முதலில் சருகுகள் நகரும் சத்தம் கேட்டது. பிறகு கற்கள் உருளும் சத்தம். கௌதாரி ஒரே ஒரு தரம் கத்தியது.

மழை விட்டபோது பள்ளம் சரிவை மேல்நோக்கி, மேல்முளை நின்ற இடம்வரை அறுத்திருந்தது.

இப்போது அங்கே இரண்டு முளைகள் இருக்கின்றன.